பீப்பாயைக் காய விடாதே

அன்புள்ள நண்பா,

உன் கடிதம் கிடைத்தது. பணி ஓய்வு பெற்ற நாளில் உடன் வேலை பார்த்தவர்கள் ஐந்து லிட்டர் ஓக் பீப்பாய் ஒன்றைப் பரிசாகக் கொடுத்ததையும், அதில் ஊற்றுவதற்கென்றே இருபது ஆண்டு டானி போர்ட், அதாவது மரப்பீப்பாயில் முதிர்ந்த போர்ச்சுகல் இனிப்பு ஒயின், பாட்டில்களை நீ வாங்கி அடுக்கியிருப்பதையும் படித்தேன். பரிசு கொடுத்தவர்களுக்கு உன்னை நன்றாகத் தெரிந்திருக்கிறது. மற்ற செய்திகளுக்குப் பிறகு வருகிறேன். முதலில் ஒன்று: அந்தப் பாட்டில்களைத் திறக்காதே. அவற்றைப் புது மரத்தில் ஊற்றினால் சில வாரங்களில் பலகையைக் கடித்த சுவைதான் மிஞ்சும்.

காரணத்தையும் சொல்லிவிடுகிறேன். டானி போர்ட்டை முதிர வைக்கிற பெரிய பீப்பாய்கள் ஏறக்குறைய 550 லிட்டர் கொள்பவை. அவை பழைய மரம். பல காலம் ஒயின் ஊறி, கொடுக்க வேண்டிய மணத்தையும் துவர்ப்பையும் எப்போதோ கொடுத்து முடித்தவை. போர்ட் செய்கிறவர்களுக்கு ஓக்கின் வாசனை தேவையில்லை. மரத்தின் நுண்துளை வழியே மெதுவாக வந்துபோகும் காற்றுதான் தேவை. உன் பீப்பாய் புதிது, அத்துடன் சிறியது. கொள்ளளவு நூறு மடங்குக்கு மேல் குறையும்போது, ஒவ்வொரு லிட்டருக்கும் கிடைக்கும் மரப்பரப்பு ஏறக்குறைய ஐந்து மடங்காகிவிடுகிறது. கைக்குழந்தைக்குக் காய்ச்சல் சட்டென்று ஏறி இறங்குவது போலத்தான். உடல் சிறியதென்றால் எல்லாம் விரைவாக நடக்கும். மரத்தின் சுவை இறங்குவதும் விரைவு, காற்று படுவதும் விரைவு, ஆவியாகிக் குறைவதும் விரைவு. சிறிய பீப்பாய் வைத்திருப்பவன் இதை மனதில் வைத்துக்கொண்டால் மற்றதெல்லாம் தானாகப் புரியும்.

ஒயினைப் பற்றி யோசிக்கும் முன் தண்ணீர். புதுப் பீப்பாயின் பலகைகள் காய்ந்து சுருங்கியிருக்கும். பசையோ ஆணியோ அவற்றைப் பிடித்துக்கொண்டிருக்கவில்லை. இரும்பு வளையங்களின் இறுக்கமும் மரத்தின் உப்பலும்தான் கசிவைத் தடுக்கின்றன. உள்ளே மரத்தூள் இருந்தால் கழுவிக் கொட்டிவிட்டு, நன்றாகச் சூடான தண்ணீரைக் கால் பங்கு ஊற்றி, பீப்பாயைச் சாய்த்துச் சாய்த்துச் சுழற்று. பிறகு குளிர்ந்த நீரை வாய் வரை நிரப்பி, ஒரு பெரிய தொட்டியில் வை. முதலில் இடுக்கெல்லாம் கசியும். பயப்பட வேண்டாம். பலகைகளுக்கு நடுவே ஈரக்கோடு ஒன்று தெரியும். அதிலிருந்து சொட்டும் வேகம் குறைந்து, பிறகு வெறும் ஈரமாகி, கடைசியில் கோடே மறைந்துவிடும். ஒரு நாளிலும் நடக்கலாம், மூன்று நாளும் ஆகலாம். நாள்தோறும் தண்ணீரை மாற்று. தேங்கிய நீர் வழவழப்பாகிவிடும். குளோரின் வாடை அடிக்கும் குழாய் நீர் வேண்டாம். குளோரினும் மரமும் பூஞ்சையும் சேர்ந்தால் வருகிற நனைந்த அட்டைப் பெட்டி நாற்றம் பிறகு போகவே போகாது. அதே காரணத்தால் பிளீச்சிங் பவுடர் பக்கம் போகாதே. சோப்பும் கூடாது, மரம் அதைக் குடித்துவிடும்.

மூன்று நாளுக்குப் பிறகும் கசிந்தால், வளையத்தின் விளிம்பில் ஒரு மரக்கட்டையை வைத்துச் சுத்தியலால் மெல்லத் தட்டி, நடு வயிற்றை நோக்கி இறக்கு. ஒரே இடத்தில் அடிக்காமல் சுற்றிச் சுற்றித் தட்ட வேண்டும். அப்படியும் ஒரு புள்ளியில் மட்டும் சொட்டினால், அந்த இடத்தைத் துடைத்துக் காய வைத்து, தேன்மெழுகைக் கையால் பிசைந்து இடுக்கில் அழுத்தித் தேய். பீப்பாயோடு வந்த மரக்குழாயையும் மறக்காமல் தனியாக ஓர் இரவு நீரில் ஊறவிடு. எனக்கு அந்தக் குழாயின் மேல் பெரிய நம்பிக்கை கிடையாது. வண்டல் வந்து அடைவதும் அங்கேதான், கசிவதும் அங்கேதான். குழாய்த் துளையை நல்ல மர ஆப்பால் அடைத்துவிட்டு, மேல்வாய் வழியாக நீளமான கண்ணாடிக் குழாயை விட்டு ஒயினை எடுப்பதே என் வழக்கம்.

கசிவு நின்ற பிறகு மரத்தின் முரட்டுத் துவர்ப்பைக் குறைக்க வேண்டும். சலவைச் சோடாவை வெந்நீரில் கரைத்து ஓர் இரவு விட்டால் தேநீர் டிக்காஷன் போன்ற பழுப்பு நீர் வெளியே வரும். அதைக் கொட்டி, பலமுறை அலசி, சிறிது சிட்ரிக் அமிலம் கலந்த நீரால் ஒருமுறை கழுவினால் சோடாவின் காரம் நீங்கும். அதன் பிறகும் முதல் நிரப்பல் விலை குறைந்த போர்ட்டாகவே இருக்கட்டும். இரண்டு வாரத்தில் ஒரு துளி எடுத்துச் சுவைத்துப் பார், பிறகு வாரந்தோறும் பார். நாக்கின் ஓரத்தில் மரம் உறைக்கத் தொடங்கிய அன்றே பாட்டிலுக்கு மாற்றிவிட்டு, உடனே அடுத்ததை நிரப்பு. இரண்டாவது நிரப்பல் முதலாவதைவிட நீண்ட நாள் தாங்கும், மூன்றாவது அதைவிட நீளும். மரம் அடங்கிவிட்டது என்று உன் நாக்கு சொல்லும். அன்றைக்குத்தான் நிரந்தரமாக வைக்கப்போகும் ஒயினை ஊற்ற வேண்டும்.

எந்த ஒயின் என்று கேட்டிருந்தாய். போர்ட் என்பது புளிக்கும் நடுவிலேயே திராட்சைச் சாராயம் சேர்த்து நிறுத்தப்பட்ட ஒயின். அந்தச் சாராயம் ஏறக்குறைய 77 சதவீத ஆல்கஹால் வலு உள்ளது. அதைக் கண்டதும் ஈஸ்ட் வேலையை விட்டுவிடுகிறது, திராட்சையின் சர்க்கரை மிச்சப்படுகிறது, வலு 20 சதவீதத்தை ஒட்டி நிற்கிறது. இனிப்பும் வலுவும் சேர்ந்திருப்பதால்தான் சாதாரண ஒயின் கெட்டுப்போகும் இடத்தில் இது தாக்குப்பிடிக்கிறது. ரூபி வகை, காற்றுப் படாமல் பெரிய கலங்களில் வைத்து நிறம் மாறாமல் காக்கப்படுவது. டானி, பீப்பாயில் காற்றோடு பழகிப் பழுப்பானது. இளம் டானியும் ரூபியும் கலந்து ஊற்றினால் பீப்பாய்க்குச் செய்வதற்கு நிறைய வேலை இருக்கும், அதுதான் என் தேர்வு. விண்டேஜ் போர்ட்டை மட்டும் ஊற்றிவிடாதே. இரண்டு மூன்று ஆண்டிலேயே பாட்டிலுக்குள் போய் அங்கேயே முதிர வேண்டிய ஒயின் அது. மரத்துக்குத் திரும்பக் கொண்டுவருவதில் ஒரு பயனும் இல்லை.

மேலே பிராந்தி ஊற்றி வலு ஏற்றலாமா என்றும் கேட்டிருந்தாய். 18 சதவீத ஒயின் ஐந்து லிட்டரில் 40 சதவீத பிராந்தி 100 மில்லி சேர்த்தால் ஏறுவது அரை சதவீதம்கூட இல்லை. ஆனால் பிராந்தியின் மணம் அதற்குள் முன்னால் வந்து நின்றுவிடும். வலு குறைந்திருப்பது உறுதியானால் மட்டும், மிகக் கொஞ்சமாகச் சேர்.

இடம் முக்கியம். போர்ச்சுகலில் டோரோ ஆற்றின் மேற்பகுதி கோடையில் அனலாகக் கொதிக்கும் பள்ளத்தாக்கு. அங்கே விளைந்து உருவான ஒயினை, ஆற்றின் முகத்தில் இருக்கிற விலா நோவா தே கையாவின் குளிர்ந்த, ஈரமான கிடங்குகளுக்குக் கொண்டுவந்து முதிர வைப்பதே பழைய வழக்கம். 1986 வரை ஏற்றுமதியும் அங்கிருந்துதான் நடக்க வேண்டும் என்று விதி இருந்தது. மேல்பள்ளத்தாக்கிலேயே வெயிலில் முதிர்ந்த ஒயினில் வருகிற காய்ந்த, வெந்த வாடைக்கு 'டோரோ வேக்காடு' என்ற பொருளில் தனிப் பெயரே உண்டு. உன் வீட்டு மாடியறை ஒரு குட்டி மேல்பள்ளத்தாக்கு என்று நினைத்துக்கொள். பீப்பாய் அங்கே வேண்டாம். கீழே, சன்னல் வெயில் விழாத, அடுப்பிலிருந்து தள்ளிய மூலையில், தாங்கியின் மேல், வாய் மேல்நோக்கி இருக்கும்படி வை. காற்று வறண்டிருந்தால் தண்ணீர் அதிகமாக ஆவியாகி வலு ஏறும். ஈரக்காற்றில் ஆல்கஹால் அதிகமாகப் போய் வலு குறையும். இரண்டிலும் அளவு குறையும், சர்க்கரை கெட்டிப்படும். பல மாதம் கவனிக்காமல் விட்டால் பாகு போல நாக்கில் ஒட்டும்.

இனி, இந்தக் கடிதம் எழுதத் தொடங்கியதே எதற்காகவோ, அதற்கு வருகிறேன். ஒரே சமயத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் எடுக்காதே. எடுத்த அன்றே இளைய ஒயினால் நிரப்பிவிடு. கணக்குப் போட்டுப் பார்த்தால் அழகாக இருக்கும். ஆண்டுக்கு ஒருமுறை மூன்றில் ஒரு பங்கு எடுத்து நிரப்பிக்கொண்டே போனால், பீப்பாயில் இருப்பதன் சராசரி வயது மெல்ல மெல்ல மூன்று ஆண்டை நெருங்கி அங்கேயே நிற்கும். நான்கில் ஒரு பங்கு என்றால் நான்கு ஆண்டு. பத்தில் ஒரு பங்கு, அதாவது அரை லிட்டர் மட்டும் எடுப்பவனுக்குப் பத்து ஆண்டு. ஆவியாகிப் போவதை ஈடுகட்ட ஊற்றுவதும் இதில் சேர்வதால் உண்மையில் சற்றுக் குறையும். ஆனாலும் ஒயினின் வயதைத் தீர்மானிப்பது உன் கைதான். முதல் நாள் ஊற்றியதில் ஒரு சிறு பங்கு எத்தனை ஆண்டானாலும் உள்ளே இருந்துகொண்டே இருக்கும். எனக்கு இந்த வேலையில் மிகவும் பிடித்தது இதுதான்.

நம் பழைய அறைத்தோழன் வைத்திருந்த பீப்பாய் உனக்கு நினைவிருக்கும். மகள் வீட்டுக்குப் போகும் முன் நண்பர்களுக்கெல்லாம் ஊற்றிக் கொடுத்துவிட்டு, அரைக்கும் கீழே விட்டுச் சென்றான். மேற்பாதிப் பலகைகள் காய்ந்து சுருங்கின, இடுக்கு வழியே காற்று தாராளமாகப் புகுந்தது. குறைந்ததை ஈடுகட்ட முன்பே அவன் சாதாரண மேசை ஒயினை ஊற்றியிருந்ததால் வலுவும் இறங்கியிருந்தது. 15, 16 சதவீதத்துக்கு மேல் வினிகர் பாக்டீரியா தலைதூக்க முடியாது. அதற்குக் கீழே காற்றும் கிடைத்தால் அதற்குக் கொண்டாட்டம். அவன் திரும்பி வந்து மூடியைத் திறந்தபோது நகப்பூச்சு நீக்கும் திரவத்தின் வாடை. அந்த மரத்தைப் பிறகு எவ்வளவு கழுவியும் மீட்க முடியவில்லை. இப்போது அதில் வினிகர்தான் செய்கிறான், நல்ல வினிகர் என்பதையும் சொல்ல வேண்டும்.

அதனால் மாதம் ஒருமுறையாவது மூடியைத் திறந்து மட்டம் பார்த்து, குறைந்ததை நிரப்பு, போர்ட்டால் மட்டும். மூடியைச் சுற்றிச் சிந்திய இனிப்பு, கறுத்த பிசுக்கு வளையமாகப் படியும். பழ ஈக்கள் அதைத் தேடித்தான் வரும், வரும்போது வினிகர் பாக்டீரியாவைக் காலில் கொண்டுவரும். சிறிது பிராந்தியில் நனைத்த துணியால் அந்த இடத்தைத் துடைத்துவிடு. வெளியே லேசாகப் பூஞ்சை படர்ந்தால் ஈரத்துணி போதும். வளையம் தளர்ந்திருக்கிறதா என்று விரலால் அசைத்துப் பார்.

நீண்ட நாள் வெளியூர் போக நேர்ந்தால் நிரப்பிவிட்டுப் போ. காலியாகத்தான் வைக்க வேண்டும் என்ற நிலை வந்தால், ஒரு லிட்டர் நீருக்கு, கிருமியைத் தடுக்கும் கந்தக உப்பான பொட்டாசியம் மெட்டாபைசல்பைட் 2 கிராமும் 1 கிராம் சிட்ரிக் அமிலமும் கலந்து வாய்வரை நிரப்பி வை. திரும்பி வந்து நன்றாக அலசிவிட்டு ஒயினை ஊற்றலாம். கந்தகத் திரி கொளுத்தும் முறையும் உண்டு. ஆனால் போர்ட் இருந்த பீப்பாயில் ஆல்கஹால் ஆவி தங்கியிருக்கும். கழுவாமல் உள்ளே தீயைக் காட்டினால் வெடிக்கக்கூடும். உனக்கு அது வேண்டவே வேண்டாம்.

என் செய்தி: இடது கண்ணில் புரை எடுத்தாயிற்று, வலது கண்ணுக்கு அடுத்த மாதம். அறுவை முடிந்து சில நாளில் ஒரு சின்னக் கிளாஸில் போர்ட் ஊற்றி விளக்கின் முன் பிடித்து, ஒவ்வொரு கண்ணாக மூடிப் பார்த்தேன். வலது கண்ணுக்குக் காய்ந்த மண் நிறம். இடது கண்ணுக்கு நடுவில் செம்பு, கிளாஸின் விளிம்பை நெருங்க நெருங்க வெளிர் மஞ்சள், அதன் ஓரத்தில் மெல்லிய பச்சைச் சாயல். அந்தப் பச்சை மரத்தில் நெடுங்காலம் இருந்ததற்கு அடையாளம் என்பார்கள். இத்தனை நாள் என் பீப்பாயில் அது இருந்தும் எனக்குத் தெரியவில்லை. வலது கண்ணும் தெளிந்த பிறகு உனக்கு ஒரு சிறிய பாட்டில் அனுப்புகிறேன், உன் முதல் நிரப்பலோடு ஒப்பிட்டுப் பார்.

தங்கையின் முழங்கால் வலி எப்படி இருக்கிறது? மருமகள் படிப்பை முடித்துவிட்டாளா? என் மகன் வேலையை விட்டுவிட்டு ஆசிரியர் பயிற்சிக்குச் சேர்ந்திருக்கிறான். வீட்டில் எல்லோருக்கும் வியப்பு, எனக்கு உள்ளூர மகிழ்ச்சி.

பதில் எழுதும்போது ஒன்றை மறக்காமல் பார்த்துச் சொல். ஒரு டார்ச் விளக்கை மேல்வாய் வழியே உள்ளே அடித்துப் பார்: பலகைகள் பழுப்பாக வாட்டப்பட்டிருக்கின்றனவா, அல்லது கரிபிடித்துக் கறுப்பாக இருக்கின்றனவா? கரி என்றால் அது விஸ்கிக்காகச் செய்த பீப்பாய். அலசும்போது கரித்தூள் நிறைய வரும், முதல் நிரப்பலையும் நான் சொன்னதைவிடச் சீக்கிரம் எடுக்க வேண்டியிருக்கும். உன் பதில் வரும்வரை தண்ணீரைத் தவிர வேறு எதையும் அதில் ஊற்றாதே.

என்றும் அன்புடன்,
உன் நண்பன்