சங்ககிரிக்கு ரோப் கார் வேண்டாம்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சங்ககிரி கோட்டைக்கு ரோப் கார் விட வேண்டும் என்று சென்ற வாரம் இந்தப் பக்கத்தில் வாசகர் ஒருவர் கேட்டிருந்தார். வயதானவர்களால் ஏற முடியவில்லை என்பது அவர் சொன்ன காரணம். எனக்கு வயது 64. முழங்காலுக்குத் தைலம் தேய்த்துக்கொண்டு, போன மார்கழியில் பேரனோடு ஏறி இறங்கியவள் என்ற உரிமையில் எழுதுகிறேன்: வேண்டாம்.

பழனியில் விஞ்ச் இருக்கிறது, ரோப் கார் இருக்கிறது. அது சரி, அங்கே போவது மேலே இருக்கிற முருகனைப் பார்க்க. சங்ககிரியில் பார்க்க வேண்டியதே ஏறுகிற வழிதான். பெட்டியில் உட்கார்ந்து உச்சியில் போய் இறங்கினால் நாலு இடிந்த சுவரும் நல்ல காற்றும் கிடைக்கும், அவ்வளவுதான்.

அடிவாரத்தில் முதல் வாசலைத் தாண்டினால் நேரே போக முடியாது; பாதை ஒரு பக்கம் திரும்பும். திரும்பினால் அடுத்த வாசல், மறுபடி திருப்பம். "நேரா கட்டியிருந்தா சீக்கிரம் போயிருக்கலாமே அம்மாயி" என்றான் பேரன். சீக்கிரம் யாரும் வந்துவிடக் கூடாது என்றுதானே கட்டினார்கள்! பெரிய மரத்தடியைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்து கதவை இடிக்க வேண்டுமானால் நேரான இடம் வேண்டும். திருப்பத்தில் அந்த வேகம் வராது. ஒரு வாசலுக்கு முன்னால் மூச்சு வாங்கிக்கொண்டு நின்றேன். அண்ணாந்தால் தலைக்கு நேர் மேலே மதில். அங்கிருந்து ஒரு கல்லை உருட்டினால் போதும், என் கதை முடிந்தது. கோட்டை என்றால் என்ன என்று எனக்குப் புரிந்தது அந்த இடத்தில்தான். கால் வலிக்காமல் அது புரியாது.

அப்புறம் சுனைகள். பாறைக் குழியில் மழைநீர் தேங்கி நிற்கும். முற்றுகை மாதக்கணக்கில் நீண்டால் மேலே இருப்பவர்களைக் காப்பாற்றுவது பீரங்கியைவிட இந்தத் தண்ணீர்தான். நாங்கள் பார்த்த சுனை ஒன்றில் பிளாஸ்டிக் பாட்டில்கள் மிதந்தன. சுவர்களில் காதலர்களின் பெயர்கள், அம்புக்குறி பாய்ந்த இதயத்தோடு. (அதில் ஒரு ஜோடி தேதியும் போட்டிருந்தது. கல்வெட்டு என்று நினைத்துக்கொண்டார்கள் போல.)

விஜயநகரக் காலத்தோடு தொடர்புடைய கோட்டை இது. திப்பு சுல்தான் வசம் இருந்த சேலம் சீமை 1792 ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கைக்குப் பிறகு கும்பினியார் (ஆங்கிலேயக் கிழக்கிந்தியக் கம்பெனி) கைக்குப் போனது. 1805 ஜூலை 31 அன்று, அவர்களை எதிர்த்துப் போரிட்ட தீரன் சின்னமலையையும் அவர் தம்பிகளையும் இங்கே தூக்கிலிட்டார்கள். ஆடி 18 அன்று அவருக்கு மாலை போடுகிறோம், கூட்டம் கூடுகிறது. ஆனால் வருடத்தின் மற்ற நாட்களில் ஏறி வருகிற ஒரு பள்ளிப் பிள்ளைக்கு, "இது தானியக் கிடங்கு, இது காவல் மேடை" என்று சொல்ல யார் இருக்கிறார்கள்? நாங்கள் போன அன்று வாசல்களில் ஒரு பலகைகூட என் கண்ணில் படவில்லை. பேரன் கேட்ட பாதிக் கேள்விக்கு எனக்கே விடை தெரியவில்லை. முப்பது வருடம் பள்ளிக்கூடத்தில் வரலாறு நடத்தியவள் நான்!

ஆகவே, கம்பியும் தூணும் நடுகிற காசில் வாசலுக்கு ஒரு தமிழ்ப் பலகை வைக்கட்டும். அடிவாரத்தில் ஒரு குடிநீர்க் குழாய், பெண்களுக்குச் சுத்தமான கழிப்பறை, சுனைகளைத் தூர்வார வருடத்துக்கு நாலு நாள். இதற்குப் பெரிய திட்டம் எதுவும் தேவையில்லை.

உச்சியில் நின்றபோது கீழே ஈரோட்டு ரயில் போனது. அந்த ஸ்டேஷன் பெயரில் இன்னமும் 'துர்க்' (கோட்டை என்று பொருள்) ஒட்டிக்கொண்டிருக்கிறது. நெடுஞ்சாலையில் லாரிகள் எறும்பு வரிசை மாதிரி தெரிந்தன. பேரன் அவற்றை எண்ண ஆரம்பித்து, நூற்றுக்கு மேல் போனதும் விட்டுவிட்டான். ஏற்காட்டுக்கு வருடத்துக்கு இரண்டு முறை போகிறோம், அவன் எதையும் இப்படி நின்று பார்த்ததில்லை.

ரோப் கார் கேட்ட அந்த வாசகருக்கு ஒரு வார்த்தை: உச்சி வரை போகாவிட்டாலும் பரவாயில்லை, முதல் இரண்டு மூன்று வாசல் வரை மெதுவாக ஏறிவிடலாம். வெயிலுக்கு முன்னால் கிளம்புங்கள். ஆளுக்கு இரண்டு பாட்டில் தண்ணீர் எடுத்துக்கொள்ளுங்கள். புளிசாதப் பொட்டலத்தைக் கையில் ஆட்டிக்கொண்டு போகாதீர்கள், குரங்குகள் விடாது. எங்களுடையது போயே போய்விட்டது. சேலம் வந்து தட்டுவடை செட் சாப்பிட்டுத்தான் பசியாறினோம்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர்,
அம்மாபேட்டை, சேலம்.