கால் ஏன் நிற்கவில்லை என்று கேளுங்கள்: மனநலப் பிரிவு செவிலியர் கண்காணிப்பாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய கண்காணிப்பாளர்களே,

மனநலப் பிரிவில் உள்நோயாளியாக இருந்தவர்களிடம், செவிலியரிடம் எது பிடித்தது என்று கேட்டுப் பாருங்கள். நான் சொன்னதைக் காது கொடுத்துக் கேட்டார், கொடுக்கும் மாத்திரை எதற்கென்று சொன்னார் என்பார்கள். இது வெறும் கனிவு பற்றிய பேச்சல்ல, சிகிச்சையே இதில்தான் நிற்கிறது.

மனச்சிதைவு போன்ற கடும் மனநோய்க்குக் கொடுக்கும் ஹாலோபெரிடால் போன்ற மருந்தைத் தொடங்கிய சில நாட்களில் சிலருக்குக் கால் ஓரிடத்தில் நிற்காது. உட்கார முடியாது, படுக்க முடியாது, வராந்தாவில் நடந்துகொண்டே இருப்பார்கள். இது அகதீசியா என்ற பக்கவிளைவு. கேஸ் ஷீட்டில் இதை 'பரபரப்பாக இருக்கிறார்' என்று எழுதிவிட்டால், இரவு டியூட்டி மருத்துவர் அதே மருந்தை இன்னொரு ஊசியாகப் போடச் சொல்லக்கூடும். அவஸ்தை இன்னும் கூடும். "மனசு பதறுதா, இல்ல கால்தான் சும்மா இருக்க விடலையா?" என்று கேட்டு, நோயாளி சொன்ன வார்த்தையை அப்படியே எழுதச் சொல்லுங்கள். இதே மருந்துகளால் சிலருக்குக் கழுத்து திருகி, கண் மேலே செருகும்; அதை நடிப்பென்று யாரும் ஒதுக்கக் கூடாது. உடனே மருத்துவரை அழைக்க வேண்டும், அதற்கான மாற்று ஊசி போட்டால் பெரும்பாலும் விரைவில் சரியாகிவிடும்.

குளோசபின் என்ற மனநோய் மருந்தை எடுப்பவர்களிடம் மலம் போனதா என்று தினமும் கேட்க வேண்டும். அந்த மருந்தால் வரும் மலச்சிக்கல் முற்றிக் குடல் அடைத்தால் உயிருக்கே ஆபத்து. ஆனால் நாலு கட்டிலுக்குக் கேட்கும்படி சத்தமாகக் கேட்டால் யார் உண்மையைச் சொல்வார்கள்? பக்கத்தில் போய்த் தாழ்ந்த குரலில் கேட்க வேண்டும்.

நோயாளியைக் கட்டிவைப்பது பற்றியும் சொல்லியாக வேண்டும். 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம், 97ஆம் பிரிவு, தனிமைச் சிறையை அறவே தடுக்கிறது. உடனடி ஆபத்தைத் தடுக்க வேறு வழியே இல்லாதபோதுதான், பொறுப்பு மனநல மருத்துவரின் அனுமதியோடு கட்டலாம். தண்டனையாகக் கட்டக் கூடாது. ஆள் பற்றாக்குறையும் காரணமாகாது. கட்டியிருக்கும் நேரத்தில் தண்ணீர், கழிப்பறை, கை கால் ரத்த ஓட்டம் மூன்றையும் பார்த்தபடி ஒருவர் அருகிலேயே இருக்க வேண்டும். அவிழ்த்த பிறகு ஏன் கட்டினோம் என்று அவரிடம் பேசுவது பெரும்பாலும் விடுபட்டுப்போகிறது. அந்த மௌனத்தைத்தான் அவர்கள் தண்டனையாக நினைக்கிறார்கள்.

ஆள் குறைவு என்பது எங்களுக்கும் தெரியும். என்றாலும், ஒவ்வொரு ஷிஃப்டிலும் ஒரு செவிலியரை அரை மணி நேரமாவது பதிவேட்டிலிருந்து விடுவித்து, நோயாளிகளோடு உட்கார டியூட்டி பட்டியலிலேயே எழுதிப் போடுங்கள்.

இப்படிக்கு,
மனநலப் பராமரிப்பில் பணியாற்றுவோர்