சுங்கம் வேறு, வீதிக் கட்டணம் வேறு

மதிப்புக்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

சென்ற இதழில் வெளிவந்த ஐரோப்பிய நெடுஞ்சாலைகள் பற்றிய கட்டுரையை ஆவலோடு வாசித்தேன். தரவுகளில் பெரிய குறை எதையும் நான் காணவில்லை. ஆனால் கட்டுரை முழுவதிலும் 'சுங்கவரி' என்ற ஒரே சொல் நாலைந்து பொருள்களைச் சுமந்து நிற்கிறது. ஜேர்மனியில் பாரவூர்திகள் கிலோமீற்றர் கணக்கில் செலுத்துவதும் சுங்கவரி, சுவிற்சர்லாந்தில் 'விக்னெற்' என்று கார்க் கண்ணாடியில் ஒட்டும் வீதிக் கட்டண வில்லையும் சுங்கவரி, ஒஸ்திரியாவில் அத்தகைய வில்லை இல்லாதவரிடம் அறவிடுவதும் சுங்கவரி என்றால், வாசகர் எதை எதிலிருந்து பிரித்தறிவது? பல ஆண்டுகளாக, நான் வாழும் ஜேர்மனியின் அலுவலகக் கடிதங்களை எம்மவருக்குத் தமிழில் எழுதிக் கொடுத்துவருகிறேன். இந்தக் குழப்பம் மனிதருக்கு எவ்வளவு தூக்கத்தைக் கெடுக்கும் என்பதை நேரில் கண்டவன் என்பதால் எழுதுகிறேன்.

முதலில் சுங்கம் என்ற சொல்லையே எடுத்துக்கொள்வோம். சென்னையில் சுங்கச்சாவடி என்றால் நெடுஞ்சாலையில் காசு கட்டும் இடம். யாழ்ப்பாணத்தில் வளர்ந்த எனக்குச் சுங்கம் என்றால் கட்டுநாயக்கா விமான நிலையத்தில் பெட்டியைத் திறந்து காட்டும் இடம்; தெற்கு அதிவேக நெடுஞ்சாலையில் கொடுப்பதை நாங்கள் கட்டணம் என்றுதான் சொல்வோம். ஜேர்மன் மொழியில் இந்தச் சிக்கல் இல்லை. எல்லையில் பொருளுக்கு விதிப்பது 'ற்சோல்', வீதிக்குக் கொடுப்பது 'மௌட்'. 'ற்சோல்' என்பதும் ஆங்கிலத்தின் 'டோல்' என்பதும் ஒரே வேரில் பிறந்தவை. ஒன்று எல்லையில் தங்கிவிட்டது, மற்றது வீதிக்கு வந்துவிட்டது. தமிழிலோ ஒரே சொல்லே பாக்கு நீரிணையின் இரு கரைகளிலும் இரு பொருளில் வழங்குகிறது. யாழ்ப்பாணத்திலிருந்து வந்திருந்த என் மாமா ஒருவரைச் சூரிச்சில் நடந்த திருமணத்துக்குக் கூட்டிச்சென்றபோது, "எல்லையில் விக்னெற் வாங்க வேண்டும், சுங்க அதிகாரியிடமே வாங்கலாம்" என்று சொல்லிவைத்தேன். சுவிஸ் எல்லையில் அதை விற்பதும் சுங்கத் துறையினரே. மாமா உடனே தான் கொண்டுவந்த பனங்கட்டிக்கும் முறுக்குக்கும் தீர்வை எவ்வளவு வரும் என்று கணக்குப் பார்க்கத் தொடங்கிவிட்டார். 40 பிராங்குக்கு ஒரு சிறிய ஒட்டுத்தாளைக் கண்ணாடியின் உட்புறத்தில் ஒட்டிய பிறகே அவருக்கு மூச்சு வந்தது.

சட்டத்தில் இந்த வேறுபாடு தெளிவாக எழுதப்பட்டிருக்கிறது. 'யூரோவிக்னெற்' நெறியாணை எனப்படும் ஐரோப்பிய ஒன்றியத்தின் 1999ஆம் ஆண்டு நெறியாணை, ஓடிய தூரத்தையும் வாகனத்தின் வகையையும் பொறுத்து அறவிடுவதை ஒரு பெயராலும், குறித்த காலத்துக்கு வீதியைப் பயன்படுத்தும் உரிமைக்காக அறவிடுவதை வேறொரு பெயராலும் வரையறுக்கிறது. 2022இல் செய்யப்பட்ட திருத்தம், ஐரோப்பாவின் முதன்மைப் போக்குவரத்து வலையமைப்பின் வீதிகளில் கனரக வாகனங்களுக்கான இரண்டாவது வகையை எட்டு ஆண்டுகளுக்குள், சில விலக்குகளோடு, கைவிடச் சொல்கிறது. இதைச் 'சுங்கவரி ஒழிப்பு' என்று எழுதினால் பாரவூர்திகள் இனி இலவசமாக ஓடும் என்றே வாசகர் எண்ணுவார். நடக்கப்போவதோ நேர்மாறு: ஓடும் ஒவ்வொரு கிலோமீற்றருக்கும் கணக்கு வைக்கப்படும்.

உங்கள் கட்டுரை ஒரே வரியில் கடந்துபோன ஜேர்மன் வழக்கை எடுத்துக்கொள்ளுங்கள். "வெளிநாட்டுக் கார்கள் மீதான சுங்கவரியை ஐரோப்பிய நீதிமன்றம் ரத்துச் செய்தது" என்று எழுதியிருந்தீர்கள். அந்தச் சட்டப்படி உள்நாட்டுக் கார் உரிமையாளரும் கட்டணம் செலுத்தவேண்டியிருந்தது. ஆண்டுக்கு 130 யூரோ வரை. ஆனால் உள்நாட்டார் செலுத்தும் தொகைக்குக் குறையாத அளவு அவர்களுடைய வாகன வரியில் கழித்துக்கொடுக்க அரசு முடிவுசெய்திருந்தது. கட்டணம் ஒரு கையால் வாங்கப்படவும், வரி மறு கையால் திருப்பித் தரப்படவும் இருந்தது. கடைசியில் சுமை வெளிநாட்டாரின் தலையில் மட்டுமே விழ இருந்தது. ஒஸ்திரியா வழக்குத் தொடுத்தது. நெதர்லாந்து அதன் பக்கம் நின்றது. வீதிச் செலவை வரியிலிருந்து கட்டணத்துக்கு மாற்ற ஜேர்மனிக்கு உரிமை உண்டு என்பதை நீதிமன்றம் மறுக்கவில்லை. வரிச்சலுகையும் கட்டணமும் சேர்ந்து பிற நாட்டவரைப் பாகுபடுத்துவதையே 2019 ஜூன் 18 அன்று வழங்கிய தீர்ப்பில் குற்றமாகக் கண்டது. ஆகவே, இந்த வழக்கின் முழுச் சூட்சுமமும் வரிக்கும் கட்டணத்துக்கும் இடையிலான கோட்டில்தான் இருக்கிறது. இரண்டையும் ஒட்டி 'சுங்கவரி' என்று எழுதும்போது அந்தக் கோடே அழிந்துபோகிறது. பாரவூர்திக் கட்டணத்தில் நெடுஞ்சாலைப் பொலிசாரின் செலவைச் சேர்க்கக் கூடாது என்று அதே நீதிமன்றம் 2020இல் சொன்னதும் இத்தகைய சொல்வரையறையை வைத்தே.

'சாவடி'யும் இங்கே பொருந்தாது. ஜேர்மனியில் 2005 ஜனவரி 1 முதல் பாரவூர்திகளிடம் கட்டணம் அறவிடப்படுகிறது. 2018இல் அது கூட்டாட்சி வீதிகள் அனைத்துக்கும், 2024 ஜூலையில் 3.5 தொன்னுக்கு மேற்பட்ட வாகனங்களுக்கும் விரிந்தது. இத்தனைக்கும் வீதியில் ஒரு தடுப்புக்கட்டையைக் கூடக் காண முடியாது. வாகனத்துக்குள் பொருத்திய கருவி செய்மதி வழியாக இடத்தை அறிந்து கணக்கிடுகிறது. ஊர்களுக்கு வெளியே வீதியோரம் ஆளை விட உயரமான நீலநிறத் தூண்களைப் பார்த்து, வேகக் கமரா என்று அஞ்சிப் பிரேக்கை மிதிப்பவர்கள் இன்றும் உண்டு. அவை வேகத்தை அளப்பதில்லை. கடந்துபோகும் பாரவூர்தி கட்டணக் கணக்கில் இருக்கிறதா என்று பார்க்கும் காவல் தூண்கள். பிரான்சிலும் இத்தாலியிலும் சாவடிகள் இருக்கின்றன, அங்கே அச்சொல்லை எழுதலாம்.

தூக்கம் கெட்டவரின் கதை இதுதான். நண்பர் ஒருவர் வியன்னா போகும் வழியில் பத்து நாள் வில்லையை வாங்கினார். கார் வாடகைக்கு எடுத்தது, கண்ணாடி பழுதாகிவிடும் என்று எண்ணி அதை ஒட்டாமல் கண்ணாடிக்கு அடியில் வைத்துவிட்டார். ஒட்டாத வில்லை செல்லாது. சில வாரங்களில் 120 யூரோ கேட்டுக் கடிதம் வந்தது. தமிழ் இணையப் பக்கம் ஒன்றில் அதைக் 'குற்றப் பணம்' என்று வாசித்துவிட்டு, குடியுரிமை விண்ணப்பம் போய்விட்டது என்றே என்னிடம் வந்தார். அந்தக் கடிதத்தில் இருந்த சொல் 'எர்சற்ஸ்மௌட்'. செலுத்தத் தவறிய கட்டணத்துக்கு ஈடாகக் கேட்கப்படும் தொகை. குறித்த நாளுக்குள் அதைச் செலுத்தினால் தண்ட நடவடிக்கையே தொடங்காது. செலுத்தாவிட்டால்தான் தண்டம், அதுவும் 300 யூரோவிலிருந்து. 'ஈட்டுக் கட்டணம்' என்று எழுதிக் கொடுத்தேன். அன்றே செலுத்திவிட்டார்.

பெயரில் என்ன இருக்கிறது என்று கேட்பவர்களுக்கு லண்டனைக் காட்டலாம். அங்கே 2003இல் தொடங்கிய நெரிசல் கட்டணத்தை அமெரிக்கத் தூதரகம் செலுத்த மறுத்துவருகிறது. தூதர்கள் வரி செலுத்த வேண்டியதில்லை என்ற 1961ஆம் ஆண்டு வியன்னா உடன்படிக்கையைக் காட்டி, இது வரி என்கிறது தூதரகம். சேவைக்கான கட்டணம் என்கிறது நகரப் போக்குவரத்து நிர்வாகம். அந்த ஒரு சொல்லுக்காக நிலுவை 14 மில்லியன் பவுணைத் தாண்டிவிட்டது.

எனவே என் வேண்டுகோள்: பொதுவாகச் சொல்லும்போது 'வீதிக் கட்டணம்' அல்லது உங்கள் வழக்கப்படி 'சாலைக் கட்டணம்' என்றும், பிரித்துச் சொல்லவேண்டிய இடங்களில் 'தூரக் கட்டணம்', 'காலக் கட்டணம்' என்றும் எழுதுங்கள், சுங்கத்தை ஐரோப்பியச் செய்திகளில் எல்லைக்கே விட்டுவிடுங்கள். திருக்குறளில் வரும் 'உல்கு' என்ற பழஞ்சொல்லை மீட்கலாமே என்று தமிழாசிரியர் ஒருவர் என்னிடம் சொன்னார். ஆசை எனக்கும் உண்டு. ஆனால் அதுவும் சுங்கப்பொருளையே குறித்ததால் பழைய குழப்பம் புதுச் சட்டை போட்டுக்கொண்டு வரும். விக்னெற்றுக்கு 'வில்லை' என்று நான் எழுதுகிறேன். சூரிச்சில் ஒருவரும் அப்படிச் சொல்வதில்லை என்பதையும், இலக்கத்தகட்டோடு இணைத்துப் பதியும் மின்வில்லை வந்த பிறகு ஒட்டுவதற்கே ஒன்றும் இல்லாமல் போகிறது என்பதையும் ஒப்புக்கொள்கிறேன்.

இங்ஙனம்,
வாசகர் ஒருவர்,
ஸ்ருட்கார்ட், ஜேர்மனி