பேறுகால வார்டில் துணி துவைக்கவும் உலர்த்தவும் ஓர் இடம் வேண்டும்

கன்னியாகுமரி மாவட்ட ஆட்சித்தலைவர் அவர்களுக்கும் மாவட்டச் சுகாதாரத் துறை அலுவலர்களுக்கும் வணக்கம்.

ஆனிச் சாரல் விடாமல் பெய்துகொண்டிருந்த நாளொன்றில் என் மகளுக்குக் குழந்தை பிறந்தது. பழைய வேட்டியை வெட்டி, ஓரம் மடித்துத் தைத்து, வெந்நீரில் அலசிக் காயவைத்த இருபது துணிகளோடு மருத்துவமனைக்குப் போயிருந்தேன். முதல் நாளிலேயே பாதிக்கு மேல் நனைந்துவிட்டன. துவைக்க ஒரு கல்லும் இல்லை, உலர்த்த ஒரு கொடியும் இல்லை. ஜன்னல் கம்பியில் விரித்தபோது, வார்டில் ஈரத்துணி போடக்கூடாது என்று செவிலியர் எடுக்கச் சொன்னார். அவர் சொன்னது சரிதான். ஆனால் வேறு இடம் எது என்பதற்கு அவரிடமும் பதில் இல்லை. மருமகன் மருந்துக்கடைக்குப் போய் டயப்பர் வாங்கி வந்தார். அந்த வார்டில் எல்லாப் படுக்கையின் அடியிலும் அதே பொட்டலம்தான் இருந்தது.

டயப்பரே கூடாது என்று நான் சொல்லவில்லை. பயணத்துக்கும் இரவுத் தூக்கத்துக்கும் அது உதவுகிறது. ஆனால் மருத்துவமனையில் பழகியது வீட்டிலும் தொடர்கிறது. பிறந்த குழந்தைக்கு ஒரு நாளைக்குச் சுமார் பத்து தடவை மாற்ற வேண்டியிருக்கிறது. தினக்கூலி வீடுகளில் அந்தச் செலவு பால், முட்டையிலிருந்துதான் குறைகிறது. திடக்கழிவு மேலாண்மை விதிகள், பயன்படுத்திய டயப்பரைப் பொதிந்து ஒப்படைக்கச் சொல்கின்றன. எங்கள் ஊர்க் கால்வாயின் மதகிலோ அவை தண்ணீரை உறிஞ்சித் தலையணை போல ஊதிக் கிடக்கின்றன. உள்ளே இருப்பது பிளாஸ்டிக் இழையும் உறிஞ்சும் வேதிப்பொருளும் என்பதால் அவை மட்கப்போவதில்லை.

துணி துவைப்பதும் ஒரு பக்குவம் என்பதை இளம் தாய்மார்களுக்கு யாராவது காட்டித்தர வேண்டும். மலத்தை முதலில் கழிப்பறையில் தட்டிவிட்டு, பச்சைத் தண்ணீரில் அலச வேண்டும்; எடுத்தவுடன் வெந்நீரில் போட்டால் கறை இழையிலேயே பிடித்துக்கொள்ளும். அதன்பிறகு அளவாகச் சோப்பும் சூடான நீரும் போதும். நுரை முழுவதும் போகும்வரை இரண்டு மூன்று தண்ணீரில் அலசுவதுதான் முக்கியம். வாசனைத் திரவம் சேர்த்தால் துணி வழவழப்பாகி ஈரம் உறிஞ்சாது. காய்ந்த துணியை மூக்கருகே பிடித்துப் பார்த்து, காரமான நெடி வந்தால் மறுபடியும் துவைக்க வேண்டும். துணியிலிருந்து சிறுநீர் சரியாகப் போகாமல் தங்கியிருக்கிறது என்று பொருள், அதுவே பிஞ்சுத் தொடையைப் புண்ணாக்கும்.

வெயில் இருந்தால் மற்றதெல்லாம் எளிது. நம் மாவட்டத்துக்கோ தென்மேற்கு, வடகிழக்கு என்று இரண்டு பருவமழையும் உண்டு. ஆகவே நான் கேட்பது பெரிய கட்டடமில்லை. அரசு மருத்துவமனைகளின் பேறுகாலப் பிரிவை ஒட்டி, நான்கு பக்கமும் காற்றுப் புகும்படி ஒரு தகரக் கூரை, அதன் கீழ் கொடிகள், ஒரு துவைகல், வெந்நீர் கிடைக்கும் குழாய் ஒன்று, கழிவுநீர் சாக்கடைக்குள் முறையாகப் போக ஒரு வழி ஆகியவை போதும். வீடு திரும்பிய தாயைப் பார்க்க வரும் கிராம சுகாதாரச் செவிலியர், தடுப்பூசி அட்டையைப் பார்க்கும்போதே துணி துவைக்கும் முறையையும் ஐந்து நிமிடம் சொல்லித்தர வேண்டும்.

வரும் ஐப்பசி மழைக்கு முன்பாக ஒரு மருத்துவமனையிலாவது இதைத் தொடங்கித் தருமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
கல்குளம் வட்டத்திலிருந்து ஒரு பாட்டி