பஞ்சாங்கக் கணிதர் குடும்பங்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய கணிதர்களுக்கு வணக்கம்.

சித்திரை முதல் நாள் கோயில் மண்டபத்தில் பஞ்சாங்கம் படிக்கக் கேட்டு வளர்ந்தவன் நான். இவ்வாண்டு மழை எத்தனை மரக்கால் என்று குருக்கள் வாசிக்கும்போது ஊரே காதைத் தீட்டிக்கொண்டிருக்கும். கணக்கைப் போட்டவர் யார், எப்படிப் போட்டார் என்று எவரும் கேட்டதில்லை. அதைக் கேட்கத்தான் இந்த மடல்.

சென்னை வான் ஆய்வகத்தை ஒரு காலத்தில் கவனித்துவந்த ஜான் வாரன், புதுச்சேரியில் ஒரு பஞ்சாங்கக்காரரைச் சந்தித்தார். தாளும் எழுதுகோலும் இல்லாமல், தரையில் சோழிகளை அடுக்கியே அவர் 1825 மே 31 இரவின் சந்திர கிரகணத்தைக் கணித்துக் காட்டினார். தொடக்கம் 4 நிமிடமும் நடுப்பகுதி 23 நிமிடமும் பிசகின. முடிவு 52 நிமிடம் பிசகியது. இவருக்கு வானியல் கோட்பாடு தெரியாது, நினைவாற்றல்தான் உண்டு என்று வாரன் எழுதினார். எனக்கு அது மனம் ஒப்பவில்லை. சந்திரனின் 248 நாள் நடை முழுவதையும், எண்களை எழுத்துகளில் பொதிந்த வாக்கியங்களாக மனத்தில் வைத்திருப்பது வெறும் மனப்பாடமா? முதல் வாக்கியம் 'கீர்ந ச்ரேய'. எழுத்துகளை எண்ணாக்கி வலமிருந்து படித்தால் 12 பாகை 3 கலை (பாகையில் அறுபதில் ஒரு பங்கு கலை): சந்திரன் முதல் நாளில் நகரும் தொலைவு! சொல்லுக்குள் வானத்தை மடித்துவைத்த கணக்கு அது.

இந்தப் பழைய வாக்கியக் கணக்கா, வானில் பார்ப்பதோடு ஒத்துவரத் திருத்திய திருக்கணிதமா, சனிப்பெயர்ச்சி 2025 மார்ச்சிலா 2026 மார்ச்சிலா என்ற வழக்குக்குள் நான் நுழையவில்லை. திருக்கணிதத்துக்காக வாதாடிய சிந்தாமணி ரகுநாதாசாரியும் நம்மவர்தான். சென்னை வான் ஆய்வகத்தில் பணியாற்றி, 1867-இல் ஒளி மாறும் விண்மீன் ஒன்றைக் கண்டறிந்தவர். அவர் பெயர் இன்று எத்தனை பேருக்குத் தெரியும்?

இப்போது கணினி நொடியில் திதியும் நட்சத்திரமும் தந்துவிடுகிறது. அதில் எனக்குக் குறையில்லை. ஆனால் உங்கள் வீட்டுப் பரணில் கிடக்கும் வாக்கியச் சுவடிகளையும், தாத்தா கையெழுத்தில் உள்ள கணித ஏடுகளையும் சென்னைக் கீழ்த்திசைச் சுவடிகள் நூலகத்துக்கோ தஞ்சை சரசுவதி மகாலுக்கோ படியெடுக்கக் கொடுங்கள். சோழி வைத்துக் கணிக்கத் தெரிந்த பெரியவர் இருந்தால், அவரை உட்காரவைத்து ஒரு கிரகணம் முழுவதையும் காணொளியாகப் பதிவு செய்யுங்கள். அடுத்த ஆண்டுப் பஞ்சாங்கத்தில் விளம்பரத்துக்கு ஒதுக்கும் பக்கங்களில் ஒன்றையாவது, அதைக் கணித்த முன்னோரின் பெயர்களுக்கு ஒதுக்குங்கள்.

இப்படிக்கு,
ஆண்டுதோறும் உங்கள் பஞ்சாங்கம் வாங்கும் வாசகன்