சிரட்டையைக் கவிழ்த்தவர்களுக்கு நன்றி

ஊர்க்காரர்கள் எல்லோருக்கும் வணக்கம்.

இந்த ஐப்பசி மழைக்காலத்தில் சாயங்காலம் கொசுக்கடி இல்லாமல் எங்கள் வீட்டுப் பின்புறத்தில் நாற்காலி போட்டு உட்கார முடிந்தது. குமரி மாவட்டத்துக் குலசேகரம் பக்கம் ரப்பர் விளைகளுக்கு, அதாவது தோட்டங்களுக்கு, நடுவே குடியிருப்பவர்களுக்கு இது எவ்வளவு பெரிய விஷயம் என்று தெரியும். காரணமானவர்களுக்குப் பலரறிய நன்றி சொல்லத்தான் இந்த மடல்.

முதல் நன்றி, பக்கத்து விளையில் ரப்பர் பால் வெட்டும் அண்ணனுக்கு. மழை பிடித்தால் வெட்டு நின்றுபோகும். பால் பிடிக்க மரத்தில் கட்டிய சிரட்டை மட்டும் அங்கேயே இருந்து தண்ணீர் பிடிக்கும். ஒரு ஏக்கரில் ஏறக்குறைய 180 மரம் என்றால் அத்தனை சிரட்டை! கால்களில் வெள்ளை வரி போட்ட புலிக்கொசுவுக்கு இதைவிட வசதியான இடம் ஏது? 2007-ல் கேரளத்து ரப்பர் பகுதிகளில் சிக்குன்குனியா பரவியபோது பேர் வாங்கிய கொசு அதுதான். வெட்டுக் கூலியில் சிரட்டை கவிழ்ப்பதற்கு ஒரு காசும் கிடையாது. ஆனாலும் வெட்டு இல்லாத நாளில் குடையைப் பிடித்துக்கொண்டு வந்து, ஒவ்வொரு மரமாகக் கவிழ்த்துவிட்டுப் போனாரே, அதை மறக்க முடியாது. அண்ணே, ஒரு கட்டன் சாயாவுக்கு மேல் நீங்கள் எதையும் வாங்கவில்லை என்பதையும் இங்கே எழுதி வைக்கிறேன்.

அடுத்து, வீடு வீடாக டார்ச்சோடு வரும் கொசு ஒழிப்பு அக்காவுக்கு. தண்ணீரைக் கொட்டினால் மட்டும் போதாது, பாத்திரத்தின் உள்பக்கத்தைத் தேய்த்துக் கழுவ வேண்டும் என்று கற்றுக்கொடுத்தது அவர்தான். முட்டைகள் தண்ணீர் மட்டத்துக்குச் சற்று மேலே ஒட்டியிருக்கும். காய்ந்தாலும் மாதக்கணக்கில் சாகாது. மறுபடி நனைந்தால் பொரிக்கும். முட்டை கொசுவாகிப் பறக்க எட்டு, பத்து நாள் ஆகும் என்பதால்தான் வாரம் ஒருமுறை என்கிற கணக்கு. ஃபிரிட்ஜின் பின்னால் தண்ணீர் தேங்கும் ஒரு தட்டு இருப்பதையே அவர் காட்டித்தான் நம்மில் பலர் பார்த்தோம்.

புகை அடிக்கச் சொல்லி மனு எழுதியவர்களும் நம்மில் உண்டு. கோபப்படாதீர்கள், அந்தப் புகை பறக்கிற கொசுவைத்தான் கொல்லும். தண்ணீருக்குள் நெளிகிற புழுவுக்கு அது ஒன்றும் செய்யாது. மறுவாரம் பழைய கதைதான்.

உதிர்ந்த பாக்குப் பாளைகளைத் தினமும் பொறுக்கி அடுக்கிய எதிர்வீட்டுப் பாட்டாவுக்கும், வெட்டிய மூங்கில் குற்றிகளின் பொந்தில் மண் நிரப்பிய மாமாவுக்கும், கிணற்றில் கொசுப்புழுவைத் தின்னும் கப்பி மீன் விட்ட பிள்ளைகளுக்கும் நன்றி. கப்பி குட்டி போட்டுப் பெருகும். இனி வாங்க வேண்டியதில்லை. செப்டிக் டேங்க் காற்றுக்குழாய்க்கு எல்லா வீட்டிலும் வலை கட்டியதில் ராத்திரிக் கொசுவும் குறைந்திருக்கிறது.

கல்ஃபில் இருந்தபடியே, பூட்டிக் கிடக்கும் தன் வீட்டுச் சாவியை மைனியிடம் கொடுக்கச் சொன்ன தம்பிக்குத் தனி நன்றி. நம் வீட்டை மட்டும் துடைத்து வைத்து என்ன பயன்? மதில் ஏறி வருகிற கொசுவுக்குப் பத்திரம், பட்டா எல்லாம் தெரியாதே. அந்த வீட்டு மொட்டை மாடித் தொட்டிக்கு மூடி போட்ட பிறகுதான் நம் பக்கத்தில் பகல் கடி ஓய்ந்தது.

ஒரு வேலை பாக்கி இருக்கிறது. ஓடைக்கரையில் கிடக்கும் லாரி டயர்கள் என்னால் நகர்த்தக்கூடியவை அல்ல. ஜீப் வைத்திருப்பவர்கள் யாராவது அடுத்த மழைக்குள் எடுத்துப் போட்டால் அவர்களுக்கும் சேர்த்து இன்னொரு மடல் எழுதுகிறேன்.

இப்படிக்கு,
கிணற்றடிப் பலாமர வீட்டுக்காரி