ஒரு மேஜை, ஒரு கூடாரம்: இசை விழா அமைப்பாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

விழா அமைப்பாளர்களுக்கு வணக்கம்.

போதை மாத்திரையைச் சோதிக்கும் மேஜையும் மிரண்டவர்களுக்கான கூடாரமும் கேட்டு ஆங்கிலத்தில் நான் அனுப்பிய கடிதத்துக்கு உங்கள் பதில் கிடைத்தது. சட்ட ஆலோசகர்கள் சொன்னதால் இந்த ஆண்டு அந்த வசதிகள் இருக்காது என்று எழுதியிருந்தீர்கள். சரி, இந்த முறை தமிழில், எல்லாரும் பார்க்கும்படி எழுதுகிறேன். கலிஃபோர்னியாவில் ஃப்ரீமான்ட்டிலும் சன்னிவேலிலும் எத்தனையோ தமிழ் வீட்டுப் பிள்ளைகள் உங்கள் விழாவுக்கு டிக்கெட் வாங்கி வைத்திருக்கிறார்கள். அவர்களைப் பெற்றவர்களும் படிக்கட்டும். இதன் ஆங்கில வடிவம் உங்களுக்கும் வரும்.

நான் கேட்பது மைதானத்தில் இரண்டே இரண்டு. கையில் இருக்கும் மாத்திரை என்னவென்று சோதித்துச் சொல்ல ஒரு மேஜை. போதையில் மிரண்டுபோனவரை உட்கார வைத்துப் பார்த்துக்கொள்ள, சத்தம் எட்டாத ஒரு கூடாரம். போன ஆண்டு வரை கூடாரமாவது இருந்தது. இந்த ஆண்டு வரைபடத்தில் அந்த இடத்தில் கூடுதல் விலை டிக்கெட்காரர்களுக்கான ஓய்வறை இருக்கிறது.

அதுவும் ஹிப்பி இளைஞர்கள் சான் பிரான்சிஸ்கோவில் திரண்ட 1967-ஆம் ஆண்டுக் கோடையைக் கொண்டாடுகிறோம் என்று நீங்களே அறிவித்திருக்கும் ஆண்டில். சுழன்று வளையும் எழுத்து, சாயத்தில் முக்கியெடுத்த டி-ஷர்ட், கூந்தலில் பூ எல்லாம் உங்கள் போஸ்டரில் வந்துவிட்டன. அந்தக் கோடையில் சான் பிரான்சிஸ்கோவில் நடந்த இன்னொன்று மட்டும் வரவில்லை.

அந்த ஆண்டு ஜூன் மாதம் கோல்டன் கேட் பூங்காவில் கூடிய இளைஞர்களிடையே எஸ்.டி.பி. என்ற பெயரில் ஆயிரக்கணக்கான மாத்திரைகள் இலவசமாகப் புழங்கின. உள்ளே இருந்தது டி.ஓ.எம். என்ற ரசாயனம். டௌ ரசாயனக் கம்பெனியில் வேலை பார்த்த வேதியியலாளர் அலெக்சாண்டர் ஷுல்கின் 1963-இல் உருவாக்கியது. 3 முதல் 5 மில்லிகிராம் உடம்பில் போனாலே வேலை காட்டிவிடும். அந்த மாத்திரைகளில் 20 மில்லிகிராம் இருந்தது. போட்டுக்கொண்டவர்களுக்கு அது தெரியாது. எல்.எஸ்.டி. என்ற மாயத்தோற்றப் போதைமருந்து பழகியவர்கள் அதே கணக்கில் ஒரு மணி நேரம் காத்திருந்தார்கள். எஸ்.டி.பி.யோ மெதுவாக ஏறுகிற சரக்கு. ஒன்றும் ஆகவில்லையே என்று சிலர் இன்னொன்றையும் போட்டுக்கொண்டார்கள். அப்புறம்தான் ஆரம்பித்தது.

மாலையில் இறங்கும் என்று நினைத்தது இறங்கவில்லை. இரவு போய் விடிந்த பிறகும் சுவர் அசைந்தது, நெஞ்சு அடித்துக்கொண்டது, தூக்கம் அண்டவில்லை. மூன்று நாள் வரை போகும் என்ற பேச்சு தெருவெங்கும் பரவியது. இந்த நிலையில் ஒருவரைப் பிடித்து ஆட்டுவது மாயத்தோற்றம் மட்டுமல்ல. 'இது இனிமேல் தீராது, இனி நான் இப்படித்தான்' என்று மனத்தில் விழுந்துவிடும் நம்பிக்கை அதைவிடக் கொடியது. ஓடிவந்து மருத்துவமனையில் விழுந்தார்கள். அங்கே டாக்டர்களுக்கும் அது என்னவென்று தெரியவில்லை. தெருவில் வைத்த மூன்றெழுத்துப் பெயர் மட்டும்தான் காதில் விழுந்தது. எல்.எஸ்.டி. கேஸ்களுக்கு வழக்கமாகக் கொடுக்கும் குளோர்புரோமசின் என்ற மனநோய் மருந்தைக் கொடுத்தால் நிலைமை மோசமாகிறது என்று ஒரு எச்சரிக்கை வேறு சுற்றியது. கொடுப்பதா வேண்டாமா என்று டாக்டரே தயங்கி நின்றால், படுத்திருப்பவன் யாரை நம்புவான்?

அதே ஜூனில்தான் டாக்டர் டேவிட் ஸ்மித் சான் பிரான்சிஸ்கோவின் ஹெய்ட்-ஆஷ்பரி பகுதியில் இலவச கிளினிக்கைத் திறந்திருந்தார். மிரண்டு வந்தவர்களை அமைதியான அறையில் உட்கார வைத்து, பக்கத்திலேயே ஒருவர் இருந்து, "நீ மருந்து சாப்பிட்டிருக்கிறாய், அது இறங்கிவிடும்" என்று பேசிப் பேசியே கரையேற்றினார்கள். 1973-இலிருந்து அந்த கிளினிக்கின் ஆட்கள் இசை நிகழ்ச்சிகளுக்கே மருத்துவக் குழுவாகப் போக ஆரம்பித்தார்கள். நான் கேட்கும் கூடாரம் உங்கள் ஊரிலேயே பிறந்தது.

உட்ஸ்டாக் இசை விழாவும் உங்கள் போஸ்டரில் இருக்கிறது. 1969 ஆகஸ்டில் அந்த மேடையிலிருந்தே, பழுப்பு நிற எல்.எஸ்.டி. நல்லதில்லை, பார்த்து நடந்துகொள்ளுங்கள் என்று மைக்கில் அறிவித்தார்கள். மிரண்டவர்களுக்கு அங்கே தனிக் கூடாரம் இருந்தது. தெளிந்தவரையே அடுத்து வந்தவருக்குத் துணையாக உட்கார வைத்தார்கள். மழையிலும் சேற்றிலும், சாப்பாடு பற்றாமல் நாலு லட்சம் பேர் திண்டாடிய இடத்தில் அதைச் செய்ய முடிந்தது. வைஃபை, டிரோன், கைப்பட்டை ஸ்கேனர் என்று எல்லாம் வைத்திருக்கும் உங்களால் ஏன் முடியாது?

நான் அவசர சிகிச்சைப் பிரிவில் நர்ஸ். உங்கள் விழா நடக்கும் வார இறுதியில் எங்கள் பிரிவு எப்படி இருக்கும் என்று உங்களுக்கே தெரியும், விளக்கத் தேவையில்லை. போன ஆண்டு ஒரு பையனைக் கொண்டுவந்தார்கள். கல்லூரிப் படிப்பு, தமிழ்ப் பிள்ளை. தன் இரண்டு கைகளையும் முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டு, "இது என் கையா?" என்று ஆங்கிலத்தில் கேட்டுக்கொண்டே இருந்தான். நடுவில் ஒரு முறை தமிழில், "அம்மா, நிறுத்தச் சொல்லும்மா" என்றான். அவன் அம்மா வெளியே நடையில் நின்றிருந்தார். என்னைப் பார்த்ததும், "என்ன சாப்பிட்டான்னு தெரிஞ்சுதாம்மா?" என்றார். தெரியவில்லை. கூட வந்த நண்பன் சொன்ன பெயர் ஒன்று, பரிசோதனையில் வந்தது வேறொன்று. பையன் பிழைத்து வீட்டுக்குப் போனான். 1967-இல் டாக்டர்கள் நின்ற அதே இடத்தில் நானும் அன்றிரவு நின்றேன். அன்று மைதானத்தில் ஒரு சோதனை மேஜை இருந்திருந்தால் அந்த அம்மாவுக்குச் சொல்ல என்னிடம் ஒரு பதிலாவது இருந்திருக்கும்.

உங்கள் வக்கீல்கள் 2003-ஆம் ஆண்டு அமெரிக்க மத்திய சட்டத்தைக் காட்டுகிறார்கள். உதவிக்கு ஆள் வைத்தால், போதைப்பொருள் புழங்குவது தெரிந்தே இடம் கொடுத்ததாக ஆகிவிடும் என்பது வாதம். அந்தப் பயம் எனக்குப் புரிகிறது. ஆனால் வாசலில் மோப்ப நாய் நிறுத்துகிறீர்களே, அது எது தெரிந்து? கலிஃபோர்னியாவில் 2023 முதல் போதைமருந்து சோதனைப் பட்டைகளைக் குற்றக் கருவியாகச் சட்டம் கருதுவதில்லை. நெதர்லாந்து 1992 முதலே இந்தச் சோதனையை நடத்துகிறது. பிரிட்டனில் 2016-இல் விழா மைதானத்துக்குள்ளேயே செய்தார்கள். சோதித்துவிட்டால் ஆபத்தில்லை என்று நான் சொல்லவில்லை. மேஜையில் செய்யும் எளிய சோதனை எத்தனை மில்லிகிராம் என்று சொல்லாது, எல்லாவற்றையும் கண்டுபிடிக்கவும் செய்யாது. ஆனால் வாங்கியது ஒன்று, உள்ளே இருப்பது வேறு என்று தெரிந்தாலே எத்தனையோ பேர் தூக்கிப் போட்டுவிடுவார்கள்.

ஒரு பாட்டில் தண்ணீரை நீங்கள் விற்கும் விலை எங்களுக்குத் தெரியும். வெயிலில் வரிசையில் நின்று மயங்கி விழும் பிள்ளைகளையும் நாங்கள்தான் பார்க்கிறோம். கார் நிறுத்தக் கட்டணம், பை வைக்கக் கட்டணம், வெளியே போய்த் திரும்பி வந்தால் அதற்கொரு கட்டணம். இத்தனைக்கும் இடமும் ஆளும் கண்டுபிடிக்கிறவர்கள், பத்து நாற்காலி போடும் இடத்தை மட்டும் பறித்துக்கொண்டது எனக்கு ஆறவில்லை.

கோபத்தில் எங்கோ போய்விட்டேன், மன்னியுங்கள். கேட்க வந்ததை மறுபடியும் பணிவாகவே கேட்கிறேன். ஒரு மேஜை, ஒரு கூடாரம். கூடாரம் முதலுதவி இடத்துக்குப் பக்கத்தில், ஒலிபெருக்கிகளுக்கு முதுகு காட்டி இருக்கட்டும். உள்ளே மங்கலான விளக்கு, போர்வை, குடிக்கத் தண்ணீர், காவலர் உடையில்லாத ஆட்கள் போதும். வருகிறவர் பெயரை யாரும் எழுதிக்கொள்ளக் கூடாது. எழுதினால் யாரும் வர மாட்டார்கள். நானும் என்னோடு வேலை செய்யும் நர்ஸ்கள் சிலரும் சம்பளம் வாங்காமல் முறை போட்டு வரத் தயார். மைதான வரைபடத்தை இறுதி செய்வதற்கு முன் உங்கள் பதிலை அனுப்புங்கள். இந்த முறை வக்கீல் எழுதாமல், உங்களில் ஒருவர் எழுதுங்கள்.

இப்படிக்கு,
அவசர சிகிச்சைப் பிரிவு நர்ஸ் ஒருத்தி